பின்னால் ஏறுமுன் ஒரு நிமிடம்



இம்மாதம் நாம் உடையைப் பற்றிப் பேசப்போகிறோம். பெருநாளுக்கு எடுக்கும் உடுப்பைப் பற்றியோ, கலியாண வீட்டுக்கு உடுத்தும் சாரியைப் பற்றியோ அல்ல. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது நம் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றி.

நம் கரையோரத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள்தாம். மீன் வாடிக்குப் போவதும், உப்பளத்துக்குப் போவதும், பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும், கிளினிக்குக்கு ஓடுவதும் அதில்தான். காலை ஏழு மணிக்குப் பாலாவிச் சந்தியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முன்னால் கணவர்: தலையில் நல்ல ஹெல்மட், காலில் சப்பாத்து. பின்னால் மனைவி: தலையில் வார் பூட்டாத பழைய ஹெல்மட், காலில் பாட்டாச் செருப்பு, காற்றில் பறக்கும் சோல். இருவருக்கும் நடுவே பிள்ளை: அதன் தலையில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் பாதுகாப்புக்கென்று செலவழிக்கும் பணம் முன் இருக்கையோடு நின்றுவிடுகிறது. விழும்போது மட்டும் தார் வீதி முன் இருக்கை, பின் இருக்கை என்று பார்ப்பதில்லை. நம் நாட்டில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் இறப்போர் தொகை இரண்டாயிரத்துக்கும் மேல். பின்னால் இருக்கும் பெண்ணுக்கும் கவசம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது அவளுடைய உரிமை. இந்த மாதம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

துணியும் சில்லும்

முதலில், அதிகம் பேசப்படாத ஆபத்தைச் சொல்கிறேன். பெண்களுக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ஆபத்துகளில் ஒன்று எதிரே வரும் வாகனத்தில் இல்லை. நாம் உடுத்தியிருக்கும் துணியின் நுனியில் இருக்கிறது.

1927ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆந் திகதி பிரான்ஸின் நீஸ் நகரில் இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் ஒரு திறந்த காரில் ஏறினார். கழுத்தில் நீண்ட பட்டுச் சால்வை. கார் புறப்பட்டதும் சால்வையின் நுனி பின்சில்லில் சிக்கிச் சுற்றிக்கொண்டது. அவர் அந்த இடத்திலேயே இறந்து போனார். அன்று உலகமே அதைப் பெரிய செய்தியாகப் பேசியது. சால்வையும் சோலும் துப்பட்டாவும் சாரி முந்தானையும் அன்றாட உடையாக இருக்கும் நம் பிராந்தியத்தில் இப்படி நடப்பது அபூர்வமான செய்தியே அல்ல. வங்காளதேசத்தில் மின்சாரத்தில் ஓடும் முச்சக்கர வண்டிகள் பெருகியபோது, சுழலும் பாகத்தில் துப்பட்டா சிக்கிக் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்ட பெண்கள் பலர், டாக்காவுக்கு அருகே சாவாரில் உள்ள, பக்கவாதமுற்றோருக்கான புனர்வாழ்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் இளம் பெண்கள் அதிகம். அங்கே துப்பட்டாவை 'ஓர்னா' என்பார்கள். வைத்தியர்கள் அந்தக் காயத்துக்கு 'ஓர்னாக் காயம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏன் இது இவ்வளவு வேகமாக நடக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது நமக்கு மெதுவான ஓட்டம். அந்த ஓட்டத்தில் வண்டி ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் போகிறது. சில்லு ஒரு செக்கனில் ஏறத்தாழ ஆறு தடவை சுற்றுகிறது. சில்லின் நடுக் குடத்தில் துணி சுற்றத் தொடங்கினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை அடித் துணியாவது உள்ளே போகும். இரண்டு மீற்றர் சோல் முழுதும் போக ஒரு செக்கனே போதும். "நிறுத்துங்க!" என்று நாம் கத்தி, ஓட்டுபவர் அதைக் கேட்டு, பிறேக்கை அழுத்துவதற்கும் ஒரு செக்கனுக்கு மேல் ஆகும். ஆகவே சிக்கிய பின் தப்பலாம் என்று எண்ணக்கூடாது. சிக்காமல் பார்ப்பதுதான் வழி.

கழற்றிப்போட்ட கம்பி

சில வருடங்களுக்கு முன் கற்பிட்டி வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தம்பதி மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அந்தச் சகோதரி இடப்பக்கமாகக் கால்களைப் போட்டு ஒருபக்கமாக இருந்தார். நம் ஊர்க் கழுதைகள் நாலைந்து வழக்கம்போல வீதியைக் கடந்ததால் கணவர் வேகத்தை நன்றாகக் குறைத்தார். அந்த நேரத்தில்தான் சோலின் நுனி செயினில் பட்டது. ஒரே இழுவை. அவர் பின்பக்கமாகச் சாய, தோளில் குத்தியிருந்த ஊசி கிழிந்து விட்டுக்கொடுத்தது. வண்டி நின்றுவிட்டது. கழுத்தைச் சுற்றிச் சிவந்த தழும்பு, வேறொன்றும் இல்லை. கழுதைகள் வீதியில் நின்றதற்காக எல்லோரும் அவற்றைத் திட்டுவோம். அன்று அவற்றுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

கூடிய ஆட்களில் ஒருவர் கேட்டார்: "தம்பி, சாரி கார்ட் எங்க?"

"அது வடிவில்லைண்டு கழட்டி வெச்சிட்டேன் நானா."

சகோதரிகளே, இந்தச் சாரி கார்டைப் பற்றி நாம் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். நம் வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருபவை. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் இருப்பவருக்கு மூன்று பொருட்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது: பிடித்துக்கொள்ள ஒரு கைபிடி, கால் வைக்க மிதி, அவருடைய உடை சிக்காதவாறு பின்சில்லில் பாதியையாவது மறைக்கும் ஒரு காப்பு. அந்தக் காப்புத்தான் இடப்பக்கம் பூட்டிவரும் கம்பிக் கூடு. சாதாரண வண்டிகளில் செயினும் இடப்பக்கம்தான் இருக்கிறது. நாம் ஒருபக்கமாக இருக்கும்போது கால்களும் சாரி மடிப்பும் ஹபாயாவின் ஓரமும் தொங்குவதும் அதே இடப்பக்கம்தான்.

ஆக, நமக்காகவே சட்டம் போட்டுச் செய்து பூட்டி அனுப்பிய காப்பு அது. தம்பிமார் வாங்கிய வாரத்திலேயே அதைக் கழற்றிக் கோடிக்குள் போட்டுவிடுகிறார்கள். இன்றைக்கே உங்கள் வீட்டு வண்டியைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். சாரி கார்ட் இருக்கிறதா? செயின் கவர் முழுதாக இருக்கிறதா? பின் மிதி இரண்டும் மடங்காமல் நிற்கின்றனவா? இல்லையென்றால் கராஜில் பூட்டித் தரச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லை.

கச்சான் காற்றில் ஒரு ஒழுங்கு

நமது பகுதிக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு: காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கற்பிட்டிக் குடாநாட்டில் கச்சான் எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாம்புரியிலும் நரக்களியிலும் காற்றாலைகளை நிறுத்தியது சும்மாவா? பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை சுமார் 40 கிலோமீற்றர். வழியெல்லாம் பக்கக் காற்று, வீதியோரத்தில் மணல். புத்தளம் - சிலாபம் வீதியிலோ சீமெந்து லொறி கடந்து போகும்போது அடிக்கும் காற்று வேறு. தலவில அன்னம்மாள் திருவிழாவும் உடப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பும் இந்தக் காற்றுக் காலத்திலேயே வருகின்றன. நல்ல உடுப்பு உடுத்திக் குடும்பத்தோடு வண்டியில் போகும் காலம் அது.

அதற்காக நம் உடையை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹபாயாவோ சாரியோ சல்வாரோ எதுவானாலும் சரி, ஒதுக்கி அடக்கி வைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். செய்ய வேண்டியவை இவை:

சோலையும் துப்பட்டாவையும் கழுத்தில் சுற்றிப் பின்னால் தொங்க விடாதீர்கள். இரு நுனிகளையும் முன்னால் கொண்டுவந்து ஹபாயாவுக்கு உள்ளேயோ, மேலே போடும் ஜக்கெட்டுக்கு உள்ளேயோ செருகிவிடுங்கள். தைத்த தலையுறையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஹபாயா அகலமாக இருந்தால் அதன் ஓரத்தைச் சேர்த்து மடித்து முழங்காலுக்குக் கீழ் அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே நீளக் காற்சட்டை இருந்தால், இரு பக்கமும் கால் போட்டு இருக்கலாம், மறைவும் கெடாது. அப்படி இருப்பதே உடம்புக்கும் வண்டிக்கும் சமநிலை தரும். ஒருபக்கமாக இருக்கும்போது நம் பாரமும் ஒருபக்கமாகவே விழுகிறது. குழியில் இறங்கினால் நழுவுவதும் இலகு.

சாரி உடுத்தால் முந்தானையைத் தோளைச் சுற்றி எடுத்து இடுப்பில் செருகுங்கள். "கொஞ்ச தூரம்தானே" என்று கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். குழியில் வண்டி குலுங்கினால் கை முதலில் முந்தானையை விட்டுவிட்டு ஆளைத்தான் பிடிக்கும்.

ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகளே, உங்களுக்கும் இது பொருந்தும். வெளியே செயின் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகாது. கழுத்திலிருந்து பின்னால் பறக்கும் சோல் பின்சில்லுக்கும் போகும். கடந்து போகும் இன்னொரு வண்டியின் கைபிடியிலும் மாட்டும்.

தலைக்கு வருவோம்

'அரேபியாவின் லோறன்ஸ்' என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் 1935ஆம் ஆண்டு மே 13இல் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்களில் மோதாமல் திருப்பப் போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவரான ஹியூ கெயான்ஸ், இப்படி எத்தனை உயிர்கள் வீணாகின்றன என்று ஆராயத் தொடங்கினார். 1941இல் அவர் எழுதிய கட்டுரைதான் ஹெல்மட் உயிர் காக்கும் என்பதை மருத்துவ உலகுக்கு எடுத்துக் காட்டியது. அந்த ஆண்டிலேயே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது கட்டாயமானது 1973இல்தான்.

சரியாக அணிந்த ஹெல்மட், இறக்கும் ஆபத்தை ஆறில் ஒன்றுக்கும் கீழே குறைக்கிறது என்றும், மூளைக் காயத்தை 74 வீதம் வரை குறைக்கலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. 'சரியாக அணிந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். வார் பூட்டாத ஹெல்மட் விழும்போது நமக்கு முன்னால் போய் விழும். அது பொலிசுக்குக் காட்டப் போடும் தொப்பி. தலைக்குப் போட்ட கவசம் அல்ல.

40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மதிலில் மோதுவது இருபது அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தென்னைகள் நிறைந்த ஊரில் வாழ்கிறோம். இருபது அடி என்றால் எவ்வளவு என்று நமக்குத் தெரியும்.

ஹெல்மட்டின் உள்ளே உள்ள தடித்த நுரைதான் அடியை வாங்கி நசுங்கி மூளையைக் காக்கிறது. அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். வாங்கும்போது எஸ்.எல்.எஸ். 517 என்ற தரச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். உச்சியை மட்டும் மூடுவதைவிடக் காதையும் பிடரியையும் மூடுவது நல்லது; தாடையையும் மூடுவது அதைவிட நல்லது. 2015ஆம் ஆண்டு முழுமுக ஹெல்மட்டுகளைத் தடைசெய்யப் பொலிஸ் முயன்றதும், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். கடைக்கோ வங்கிக்கோ போனால் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்; வீதியில் மட்டும் முகம் மூடியிருக்கட்டும். முன் கண்ணாடி உள்ள ஹெல்மட் நம் ஊர் மணற் காற்றுக்கும் உதவும். இரவில் கறுப்புக் கண்ணாடி வேண்டாம்.

"தலையில சோல் இருக்கே, ஹெல்மட் இறுக்குமே!" என்று பல சகோதரிகள் கேட்கிறார்கள். கடைக்குப் போகும்போது சோலோடு போய் அளவு பாருங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் தலையுறை ஒன்றே போதும். மேலே போடும் தடித்த சோலை இறங்கிய பின் போட்டுக்கொள்ளலாம். ஹெல்மட்டுக்கு உள்ளே ஊசியும் கிளிப்பும் இருக்கவே கூடாது. அடிபட்டால் அவை தலைக்குள் இறங்கும். கொண்டையை உச்சியில் போடாமல் கீழே பின்னலாக விடுங்கள். வாரைப் பூட்டியபின் தாடைக்குக் கீழே இரண்டு விரல் போகும் அளவே இடைவெளி இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மட் தனியாக ஆடக்கூடாது.

கையும் காலும்

உயிர் தப்பிய பின் மாதக்கணக்கில் படுக்கவைப்பது தோல் உரிந்த காயங்களும் பாதக் காயங்களும்தான். பாட்டாச் செருப்பு விழுமுன்பே கழன்றுவிடும். குதிக்கால் மூடிய சப்பாத்து ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்கோ வேலைக்கோ போனதும் மாற்றிக்கொள்ளலாம். மெல்லிய பொலியெஸ்டர் துணி தாரில் உரசும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். தூரப் பயணத்துக்குத் தடித்த பருத்தித் துணியோ டெனிம் ஜக்கெட்டோ மேலே போட்டால் நல்லது. இரவில் கறுப்பு ஹபாயா மற்ற வாகனக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. ஜக்கெட்டிலோ ஹெல்மட்டின் பின்பக்கத்திலோ ஒளி தெறிக்கும் பட்டி ஒன்று ஒட்டிவிடுங்கள்.

வலப்பக்கம் உள்ள சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். சுட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை பூச வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் அவர்களின் அளவில் ஹெல்மட் வாங்குங்கள். பெரியவரின் ஹெல்மட் பிள்ளையின் தலையில் சுழலும், அது பாதுகாப்பல்ல. பெற்றோல் தாங்கியின் மேல் இருத்திப் போகும் பழக்கத்தை விட்டுவிடுவோம்.

விபத்து நடந்துவிட்டால்

துணி சில்லில் சிக்கினால் முதலில் என்ஜினை நிறுத்துங்கள். துணியை இழுக்கவோ சில்லைப் பின்னால் சுற்றவோ வேண்டாம். கழுத்துக்கு அருகே கத்தரியால் வெட்டிவிடுங்கள். வண்டிப் பெட்டியில் சிறு கத்தரி ஒன்று வைத்திருப்பது நல்லது. விழுந்தவருக்குக் கழுத்து வலியோ கைகால் மரத்துப்போதலோ இருந்தால், தூக்கி இருத்தித் திரீ வீலில் ஏற்றாதீர்கள். அசையாமல் வைத்துக்கொண்டு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மூச்சுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் ஹெல்மட்டை அவசரமாகக் கழற்ற வேண்டாம். தண்ணீர் பருக்கவும் வேண்டாம்.

அந்த ஒரு நிமிடம்

இவ்வளவையும் எப்போது செய்வது? ஏறுமுன் ஒரு நிமிடம் போதும். வார் பூட்டியாயிற்றா? சோல் உள்ளேயா? ஓரம் அடங்கியதா? கால் மிதியில் இருக்கிறதா? நான்கு கேள்விகள். நான்குக்கும் 'ஆம்' என்ற பிறகே "போகலாம்" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் நம் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஓட்டுபவருக்கு முதுகில் கண் இல்லை. பின்னால் என்ன பறக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"நேரம் போகுது, ஏறு" என்று அவசரப்படுத்துவார்கள். அப்போது கோபப்படாமல், சிரித்துக்கொண்டே ஒரு நிமிடம் கேளுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உம்மாவோ அம்மாவோ வார் பூட்டாமல் வண்டியை நகர விடமாட்டார் என்று கண்டு வளரும் பிள்ளை, நாளை தானே வண்டி எடுக்கும்போது சாரி கார்டைக் கழற்றாது.

ஒரு பெருநாள் உடுப்பு எடுக்கும் காசைச் சேர்த்தால் தரமான ஹெல்மட் ஒன்று வாங்கலாம். வரும் பெருநாளுக்கோ திருநாளுக்கோ என்ன வேண்டும் என்று வீட்டில் கேட்டால், இந்த முறை அதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், சகோதரிகளே.